தாலித் தட்டு

சங்கிலிப்பாண்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு கோயிலில் நடந்த கல்யாணம், காதுகுத்து எழுதி வைத்த பழைய நோட்டின் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் சரோஜம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். தேடுகிறது கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். கிடைக்காததை இவர்கள் எவ்வளவு நேரம் தேடுவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மட்டாஞ்சேரி முனிசிப்பல் காலனி மாரியம்மன் கோயிலை ஒட்டித் தகரம் போட்ட ஓர் அறை. அதுதான் கமிட்டி ஆபீஸ். மைக் செட், கை ஒடிந்த குத்துவிளக்கு, போன வருஷக் கொடைத் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய சீரியல் பல்பு, இவற்றுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மகள் ரஜிதா உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அப்பன் பேரும் அம்மா பேரும் எந்தெந்தக் காகிதத்தில் எப்படி எப்படி இருக்கிறதோ அத்தனையையும் மலையாளத்தில் அடித்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால்தான் கமிட்டி செக்ரட்டரி சங்கிலிப்பாண்டி வாசிக்க வேண்டியிருந்தது.

"தங்கப்பன், அப்பா பேர் முனியாண்டி. இருக்கா மாமா?"

"இல்ல மோளே."

"முனியன்? சர்வீஸ் புக்குல வெறும் முனியன்தான். ரேஷன் கார்டுல மூணியாண்டி."

"ஒரு முனியன் இருக்கான். அவன் பொண்ணுக்குக் காது குத்துன கணக்கு."

"சரி, அம்மா பேரை வச்சுப் பாருங்க. சரோஜா, சரோஜம்மா, இல்லன்னா சரோஜினி. முனிசிப்பாலிட்டி கிளார்க்கு அவன் இஷ்டத்துக்கு சரோஜினின்னு எழுதி வச்சிருக்கான்."

சங்கிலிப்பாண்டி விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். "சரோஜினி இருக்கா. மாப்பிள்ளை வேலுச்சாமி. குடிச்சே செத்தானே, அவன். மதினிக்குச் சம்மதம்னா அவனையே மாப்பிள்ளையா வச்சுக்கலாம். கேட்க ஆள் இல்ல."

ரஜிதா சிரித்தாள். சரோஜம்மாவும் சிரிக்க வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். காலனியை இடிக்கப் போகிறார்கள், பதிலுக்குப் பக்கத்தில் மாடிக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் சேர்த்துத்தான் வீட்டை எழுதுவார்கள். தனியாளுக்கு வீடு கிடையாது. ஊர்பட்ட காகிதத்தில் ஊர்பட்ட பேர் இருப்பதால், இந்தத் தங்கப்பனும் இந்தச் சரோஜாவும் புருஷன் பெண்டாட்டிதான் என்பதற்குக் கல்யாண சர்டிபிகேட் ஒன்று கொண்டுவா என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மழைக்கு முன்னால் கொடுக்காவிட்டால் பட்டியலில் இருந்து பேர் போய்விடும். தோப்பும்படியில் வாழ்க்கைப்பட்டிருந்த ரஜிதா லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"எல்லாக் கல்யாணத்துலயும் மதினி நின்னிருக்காங்க" என்றார் சங்கிலிப்பாண்டி, நோட்டை மூடி. "இந்தக் காலனியில மதினி தட்டு தூக்காம ஒரு தாலி ஏறினதில்ல. அவங்க கல்யாணம் மட்டும் இதுல இல்ல. பாரேன்."

தட்டு என்றால் தாலித் தட்டு. தேங்காய், மஞ்சள், அரிசி, மேலே தாலி. கட்டுவதற்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு ஆளிடமும் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிடுவார்கள். தூக்குகிறவள் முறையாகத் தாலி கட்டிக்கொண்டு, புருஷனோடு நல்லபடியாக வாழ்கிறவளாக இருக்க வேண்டும். காலனியில் அந்த வேலை சரோஜம்மாவுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. புருஷன் அடிக்காதவன், குடித்துவிட்டு ரோட்டில் விழாதவன், இவளும் வாய் சுத்தம். பிறகென்ன. ரஜிதா கல்யாணத்திலும் அவளேதான் தூக்கினாள்.

அவள் கழுத்தில் யாரும் தாலி கட்டியதில்லை.

மட்டாஞ்சேரியில் அந்தக் காலத்தில் எடுப்புக் கக்கூஸ். வாளியைத் தூக்கி வண்டியில் கொட்டுகிற வேலை. சரோஜாவும் தங்கப்பனும் ஒரே கேங்க். இவள் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அக்கா புருஷன் ராத்திரி கால் வைக்கிற இடம் சரியில்லை. தங்கப்பன் வண்டிக்கொட்டகையிலேயே படுத்துக்கொள்வான். இரண்டு பேரும் கட்டிக்கொள்வதாகத்தான் இருந்தார்கள். ஊரிலிருந்து அவன் அண்ணன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அப்போது ஒரு நாள் மேஸ்திரி ராமபத்ரன் கொட்டகைக்கு வந்து, காலனி லைன் வீடுகளில் ஒரு ரூம் காலியாகிறது, ஜோடியாக வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் கொடுப்பேன், கல்யாணம் ஆனவர் யார் என்று கேட்டார். தங்கப்பன், "எங்களுக்கு ஆச்சு சார்" என்று கையைத் தூக்கிவிட்டான். அடுத்த நாள் வந்து பார்ப்பேன் என்று மேஸ்திரி போய்விட்டார்.

விடியக்காலம் தங்கப்பன் பஜாரில் மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சளும் வாங்கி வந்து அவள் கையில் திணித்தான். அதற்குள் டூட்டிக்கு ஏற்றிப் போகிற லாரி வந்து ஹாரன் அடித்தது. "நீயே போட்டுக்க. சாயங்காலம் முறையாப் பண்ணிக்கலாம்" என்று ஏறிப் போய்விட்டான். வண்டிக்கொட்டகைக்குள், வாளிகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்று அவளே கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கை கழுவத் தண்ணீர்கூட இல்லை.

கேட்டவர்களிடம், டூட்டிக்குப் போகிற நேரத்தில் மாரியம்மன் கோயிலில் பூசாரி வாஞ்சிநாதன் கட்டி வைத்தார் என்று சொன்னார்கள். டூட்டி அவசரத்தில் நடக்கிற கல்யாணங்கள் அங்கே உண்டு என்பதால் ஒருத்தரும் தோண்டிக் கேட்கவில்லை. பூசாரியும் மறுத்துச் சொல்லவில்லை. அந்தச் சாயங்காலம் வரவேயில்லை. அண்ணன் வருவதற்குள் வயிற்றில் பிள்ளை வந்துவிட்டது. இனிமேல் கட்டுவதானால் கட்டினதை அவிழ்க்க வேண்டும். காலனியில் பக்கத்து வீட்டில் அம்மியை நகர்த்தினால் இந்த வீட்டில் தெரியும். அப்படியே இருந்துவிட்டார்கள். நாளாக ஆக அவளுக்கே மறந்துபோயிற்று. தட்டைத் தூக்குகிற அன்றைக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று நறுக்கென்று குத்தும்.

"பூசாரி தாத்தா எழுதாம விட்டிருப்பாரு" என்றாள் ரஜிதா, எழுந்துகொண்டே. "அவர் மக விஜியக்கா பள்ளுருத்தியில இருக்காங்கல்ல? கோயிலுக்குப் பின்னாடிதானே அவங்க வீடு அன்னிக்கு. அவங்க பார்த்திருப்பாங்க. சாட்சி சொன்னா மதி, அது போதும்."

"அவ வேண்டாம்" என்றாள் சரோஜம்மா.

"ஏன்?"

"அவ... ரொம்பத் தூரம்."

"பள்ளுருத்தி தூரமாம்மா? நல்ல கதை!"

ஸ்கூட்டரில் மகள் பின்னால் உட்கார்ந்து போகும் வழியெல்லாம் சரோஜம்மா ஒன்றையே நினைத்துக்கொண்டு போனாள். விஜி இளவயதில் பஜார் கிட்டங்கியில் அரிசி மூட்டை தூக்குகிற அனூப்பு என்ற மலையாளத்தானோடு போய் இருந்தாள். தாலி கட்டவில்லை. அவன் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, இவர்கள் பொருட்படுத்தவில்லை. பிறகு விஜியின் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. சரோஜம்மா தட்டோடு வரிசையில் வந்தாள். விஜி புதுச் சீலை கட்டி, பெண்ணின் சொந்த அக்காவாக முதல் ஆளாக நின்று, கையை நீட்டினாள். சரோஜம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இவளுக்கு வேண்டாம், அடுத்த ஆளுக்குக் காட்டணும்" என்று சத்தமாகவே சொன்னாள். யாரோ சிரித்தார்கள். நீட்டிய கையை விஜி மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த மாதமே பள்ளுருத்திக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தோம் என்று கேட்டால் சரோஜம்மாவிடம் பதில் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்தவள் கையைத் தட்டிவிட்டால் தன் கழுத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

விஜி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வீடுவீடாகப் போய்ப் பிளாஸ்டிக் எடுக்கிற பெண்கள் குழுவில் இருக்கிறாள். வேலைக்குப் போடுகிற பச்சைக் கோட்டைக் கழற்றாமலே பால் கவர் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"வா அக்கா. வழி தெரிஞ்சுதா?"

சரோஜம்மா பதில் சொல்வதற்குள் ரஜிதா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். காலனி, வீடு, முனியன், மூணியாண்டி, சரோஜினி, நோட்டில் இல்லாதது. "உங்கப்பாதான் கட்டி வச்சாருன்னு அம்மா சொன்னாங்க. நீங்க அன்னிக்குச் சின்னப் புள்ள. ஓர்மை இருக்கா விஜியக்கா? பார்த்தீங்களா?"

விஜி சரோஜம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த கவரில் இருந்து பால்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பார்க்காம? நான்தானே விளக்கைப் பிடிச்சேன்" என்றாள். "மழை வேற. உங்கம்மா மஞ்சக் கலர் சீலை. உங்கப்பனுக்குக் கை நடுங்கி முடிச்சு நழுவிருச்சு. 'கக்கூஸ் வாளி தூக்குற கைக்குக் கயித்தைப் பிடிக்க வரலையாடா'ன்னு எங்கப்பா திட்டினார்."

ரஜிதாவுக்கு முகமெல்லாம் பல். "அம்மா, இதெல்லாம் நீ சொன்னதே இல்ல!"

சரோஜம்மா தரையைப் பார்த்தாள். விஜி சொன்ன ஒவ்வொன்றும் அவளுக்கு வேண்டியிருந்த ஒன்று. மழை, விளக்கு, திட்டுவதற்கு ஒரு பெரியவர். எதுவும் இருக்கவில்லை. வாளி இருந்தது, சுவர் இருந்தது.

வெளியே யாரோ வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்கள். ரஜிதா எழுந்து போனாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் சரோஜம்மா.

"அன்னிக்கே தெரியும். மேஸ்திரி கோயிலுக்கு வந்து விசாரிச்சப்போ நான் வாசல்ல நின்னேன். கட்டி வச்சேன்னு எங்கப்பா கற்பூரத் தட்டைத் தொட்டுச் சொன்னாரு. மேஸ்திரி போனதும் என்னைக் கூப்பிட்டு, 'பொய்தான் புள்ள. அந்தப் பொண்ணுக்கு ஒரு கூரை வேணும்ல. நீ யாருகிட்டயும் சொல்லிராத'ன்னாரு."

"அப்போ உன் தங்கச்சி கல்யாணத்துல..."

"தெரியும்."

"ஏண்டி வாயைத் திறக்கல? அங்கயே சொல்லியிருக்கலாம்ல? நாலு பேர் முன்னாடி என் மூஞ்சியில துப்பியிருக்கலாம்ல?"

"சொன்னா எங்கப்பா அம்மன் முன்னாடி பொய் சொன்னதாயிரும்" என்றாள் விஜி. "உனக்காக ஒண்ணும் சும்மா இருக்கல."

உள்ளேயிருந்து அனூப்பு இரண்டு கிளாசோடு வந்தான். முதுகு வளைந்துபோயிருந்தது. "சாயா குடிக்கு சேச்சி. பஞ்சாரை கம்மிதான் போட்டிருக்கு" என்று வைத்துவிட்டு அவன்பாட்டுக்கு மூட்டையைக் கட்ட உட்கார்ந்தான். இத்தனை வருஷமாக இவளோடுதான் இருக்கிறான். விஜி கழுத்தில் இப்போதும் ஒன்றுமில்லை. மறைக்கவும் இல்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் சரோஜம்மா கிளாசைக் கீழே வைத்தாள். வாயில் வந்தது, "பால் நல்ல கொழுப்பா இருக்கு" என்பதுதான்.

"மில்மா பாக்கெட்டு" என்றாள் விஜி.

கல்யாணம் பதிகிற ஆபீசுக்குப் போன அன்றைக்குத் தங்கப்பனுக்கு இஸ்திரி போட்ட சட்டை. அவனுக்குக் காது பாதிதான் கேட்கும். "என்ன கேட்டாலும் தலையை ஆட்டு, வாயைத் திறக்காத" என்று சரோஜம்மா வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, வீட்டுக் காகிதம் என்று நினைத்துக்கொண்டான். விஜியும் சங்கிலிப்பாண்டியும் சாட்சி. விஜி, நான் நேரில் பார்த்தேன் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஸாதனா என்ற சின்ன வயதுப் பெண், பாலக்காட்டுத் தமிழ்க்காரி. எல்லாப் பேரையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள்.

"முனியனும் முனியாண்டியும் ஒரே ஆள்தான்னு வில்லேஜ் ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டீங்க. நல்லது. அது மதி" என்றாள் ரஜிதாவிடம். பிறகு தங்கப்பனைப் பார்த்து, காது கேளாதவர் என்று புரிந்து, எட்டிக் குரலை உயர்த்திக் கேட்டாள். "தாத்தா, உங்க கல்யாணம் எந்தக் கோயில்ல நடந்தது?"

"எந்தக் கல்யாணம்?"

"உங்க கல்யாணம்!"

தங்கப்பன் சிரித்தான். வாயில் பல் குறைவு. "நமக்கெங்க கல்யாணம்? லாரி வந்துருச்சே! கயிறு நான்தான் வாங்கிக் குடுத்தேன். கட்டிக்கிட்டது அவளே. ரூம்பு வேணும்ல. மேஸ்திரியை நல்லா ஏமாத்தினோம்."

ஆம்பளைக்கு அது நல்ல கதை. இத்தனை காலம் சொல்ல இடம் கிடைக்காமல் வைத்திருந்த கதை. காது கேளாதவன் குரலில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பின்னால் வரிசையில் நின்ற யாரோ களுக்கென்றார்கள். சங்கிலிப்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அம்மா?" என்றாள் ரஜிதா.

சரோஜம்மா அவளைப் பார்க்கவில்லை. மேசைக்கால் அருகில் ஒரு டைல்ஸ் உடைந்திருந்தது, அதைப் பார்த்தாள்.

ஸாதனா விஜியின் காகிதத்தைக் கையில் எடுத்தாள். "அப்போ இவங்க நேர்ல பார்த்தேன்னு எழுதியிருக்கிறது?"

விஜி வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவையும் திறக்க மாட்டாள் என்று சரோஜம்மாவுக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் போதும், பழி தானாக அவள் தலையில் போய் விழுந்துவிடும். முன்னொரு தடவை விழுந்த மாதிரியே.

"அவ மேல ஒண்ணும் இல்லம்மா" என்றாள் சரோஜம்மா. "எனக்காகச் சொன்னா. நான் மறுத்துச் சொல்லாம உக்காந்திருந்தேன். கட்டல. யாரும் கட்டி வைக்கல."

ஸாதனா பேனாவை மூடினாள். பிறகு அந்தக் காகிதத்தைச் சாட்சிக்காரியிடமே நீட்டினாள். "இதை நான் வாங்கவேயில்லை. கொண்டு போயிடுங்கோ. இனிமே ஒரு நாள் பார்த்துக் கோயில்ல கட்டுங்கோ, அந்தத் தேதியைப் போட்டுக் கொண்டு வாங்கோ. வீட்டுக்கு அதுவும் செல்லும். இவ்வளவுதானே?"

இவ்வளவுதான். வெளியே வந்ததும் ரஜிதா வேகமாக நடந்து போனாள். ஸ்கூட்டரிடம் போய் நின்று ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நானும் பைத்தியக்காரி மாதிரி முனியனா மூணியாண்டியான்னு நாயா அலைஞ்சேன். சந்தையில காணாமப் போன புள்ளையைத் தேடுற மாதிரி. நீ கூடவே வந்து பார்த்துட்டு நின்ன."

"சொல்ல வாய் வரல மோளே."

"கட்டாதது எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல. என் கல்யாணத்துல தட்டைத் தூக்கிட்டு எப்படி நடந்த? விஜியக்கா கையைத் தட்டி விட்டயாமே, சங்கிலி மாமா இப்பத்தான் சொல்றாரு. அது எப்படிம்மா முடிஞ்சுது உனக்கு?"

சரோஜம்மா முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். ரஜிதா அப்பனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனாள். சரோஜம்மா பஸ்ஸில் வந்தாள். வந்து சேர்வதற்குள் கதை காலனிக்கு வந்து, உட்கார்ந்து, சாயா குடித்து முடித்திருந்தது. குழாயடியில் ஒருத்தி, "வாங்க கல்யாணப் பொண்ணே" என்றாள். கூட இருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

கல்யாணத்துக்கு விஜியைக் கூப்பிடச் சரோஜம்மா தனியாகத்தான் போனாள். "வரேன்" என்றாள் விஜி. "இந்தத் தடவை பார்த்துட்டே சாட்சிக் காகிதத்துல ஒப்புப் போடுறேன்."

கல்யாணத்தன்று காலையில் பழைய கயிற்றைக் கழற்றினாள். நூல் மாற்றுகிறபோதுகூடப் புதுசைப் போட்டுவிட்டுத்தான் பழசை எடுப்பாள். இப்போது கழுத்து வெறுமையாக, கயிறு கிடந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்துக் கோடாக இருந்தது. கோயிலில் கூட்டம். வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். தங்கப்பன் புதுவேட்டியில் எல்லாரிடமும் லாரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ரஜிதா வந்திருந்தாள், பூ வைத்தாள், சீலை மடிப்பைச் சரி செய்தாள், பேசவில்லை.

அம்மன் முன்னால் தட்டு தயாராக இருந்தது. பெண்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் தட்டை எடுக்கவில்லை. யார் எடுப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் பழக்கத்தில் சரோஜம்மாவையே பார்த்தார்கள். தன் தாலியைத் தானே தூக்குகிற கல்யாணப் பெண்ணை அந்தக் கோயில் கண்டதில்லை. அவள் குனிந்து எடுத்தாள்.

வரிசையின் தலையில் நின்றவர்களைத் தாண்டிக்கொண்டு போனாள். கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் விஜி நின்றிருந்தாள். வெளியே மதிலில் சாய்ந்து அனூப்பு. சரோஜம்மா விஜி முன்னால் போய்த் தட்டை நீட்டினாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தேங்காய் உருண்டு விளிம்பில் முட்டியது.

விஜி தட்டைப் பார்த்தாள். கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

"எனக்கு வேண்டாம் அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தங்கச்சி கல்யாணத்தில் சரோஜம்மா சொன்ன அதே சத்தத்தில்தான் சொன்னாள். "அடுத்த ஆளுக்குக் காட்டு."

சரோஜம்மா தாண்டி வந்த வரிசைப் பக்கம் திரும்பினாள். பிறகு தட்டை அடுத்த ஆளுக்குக் காட்டினாள். அவள் தொட்டாள். அதற்கடுத்தவளும் தொட்டாள். ரஜிதாவிடம் வந்தபோது ரஜிதா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வரிசை முடிகிறவரை தட்டு கனத்துக்கொண்டே வந்தது.

மேளம் தட்டினார்கள். தங்கப்பன் தாலியைக் கையில் எடுத்தான். சரோஜம்மா தலையைக் குனிந்தாள். அவன் கை நடுங்கியது, வயசு. முதல் முடிச்சு நழுவிக் கயிறு அவள் தோளில் விழுந்தது.

செருப்புகளுக்குப் பக்கத்திலிருந்து விஜி உரக்கச் சொன்னாள். "அன்னிக்கும் இப்படித்தான் நழுவிச்சு!"

கோயிலே கொல்லென்று சிரித்தது. சங்கிலிப்பாண்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ரஜிதாகூடச் சிரித்துவிட்டாள். மறுபடி கயிற்றை எடுத்துக் கட்டி முடித்தான் தங்கப்பன். அட்சதை போட்டார்கள். கட்டி முடிந்த பிறகும் சரோஜம்மாவின் தலை விஜி நின்ற பக்கம் நிமிராமல் குனிந்தே இருந்தது. தாலி வாங்கிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.